கிட்டாருக்குப் புது கீ

'டப்'பென்று கம்பி அறுந்து ஓவியாவின் கையில் சுளீரென்று அடித்தது. "எல்லாம் உன் புருஷன் பண்ண வேலைம்மா!" என்று அவள் கத்தியதில், சமையற்கட்டிலிருந்து அருணாதேவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"கம்பியை லேசா இறக்கலாம்னு கீயைத் திருப்பினேன். ஏறி அறுந்துபோச்சு. மத்த கம்பிய ஏத்தினா தொளதொளன்னு இறங்குது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு!"

இன்னும் கொஞ்ச நேரத்தில் வேன் வந்துவிடும். வேங்கிக்காலில் ஒரு ரிசப்ஷன், இசைக்குழுவோடு ஓவியா ஏறப்போகும் முதல் மேடை. இதில் சொதப்பினால் கிட்டாரைப் பரண்மேல் போட்டுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்பது அப்பா தருமன் போட்ட கண்டிஷன்.

அப்படிப்பட்ட மனுஷர் காலையில் தானாக வந்து, "குடும்மா, புது கீ நான் மாட்டித் தரேன்" என்றபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். பழைய கீயெல்லாம் தேய்ந்துபோய், முறுக்கிய முறுக்கு நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தன. மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறவர்தானே என்று நம்பிக் கொடுத்துவிட்டு, குழுவிலிருந்த வேறொரு கிட்டாரில் ரிகர்சல் பார்க்கப் போய்விட்டாள்.

"எப்படி மாட்டணும்னு வீடியோ கூட காட்டினேன்மா. பாதியிலயே போனை மூடிட்டு, 'இவனுக்கு ஒண்ணும் தெரியல, தப்பா சுத்துறான்'னாரு. அப்பவே ப்ளான் போட்டுட்டாரு!"

ஓவியா, ஆறு கீயும் ஒரே வரிசையில் இருந்த கிட்டாரின் தலைப்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தருமன் உள்ளே வந்தார். அருணாதேவி கரண்டியை நீட்டினாள்.

"ஏங்க, உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தின்னு தெரியும். அதுக்காக பெத்த பொண்ணு வாயிலயே மண்ணப் போடுவீங்களா?"

தருமன் திருதிருவென்று விழித்தார். "நானா? நான் என்னடி பண்ணேன்?"

"நடிக்காதீங்கப்பா" என்று ஓவியா கிட்டாரை அவர் மூக்குக்கு நேரே நிறுத்தினாள். "கீயில கம்பியெல்லாம் உல்டாவா சுத்தி வெச்சிருக்கீங்க. ஒண்ணு ரெண்டுன்னா கை தவறிடுச்சுன்னு விட்டுடலாம். ஆறும் உல்டா! நான் மேடையில அசிங்கப்படணும், அதானே உங்களுக்கு வேணும்?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

தருமன் பதறிப்போனார். "ஐயோ, இல்லடா கண்ணு! வாய்தான் அப்படிப் பேசும். மொத மேடை, நல்லபடியா நடக்கணும்னுதான் ஒவ்வொரு கம்பியா பார்த்துப் பார்த்துச் சுத்தினேன்."

"பின்ன ஏம்ப்பா வீடியோவுல இருக்கற மாதிரி சுத்தல?"

தருமன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மலை சுத்துற ஊர்ல இருந்துக்கிட்டு, நல்ல காரியத்துக்கு இடப்பக்கமாவாம்மா சுத்துவாங்க?"