யார் பெயரைக் கூப்பிடுவார்?

"பார்த்தீங்களா, உங்க பெரியப்பாவுக்கு அந்தப் பாபநாசம் சோறு ஊட்டுத அழகை!"

மனைவி கோமு செல்போனை நீட்டினாள். அரண்மனை ஜன்னல் வழியாக எவனோ எடுத்து அனுப்பிய படம். பார்த்ததும் இசக்கியப்பனுக்கு வயிறு எரிந்தது.

செங்கரை ஜமீன்தாருக்குப் பிள்ளை கிடையாது. ஜமீன் எப்போதோ ஒழிந்துவிட்டது. ஆனால் அரண்மனை இருக்கிறது, தோப்பு இருக்கிறது, அய்யனார் கோவிலில் முதல் மரியாதை இருக்கிறது. அடுத்து அதெல்லாம் யாருக்கு? அம்பாசமுத்திரம் வரை டீக்கடை தவறாமல் இதே பேச்சுதான்.

இசக்கியப்பன் அவருடைய கூடப்பிறந்த தம்பி மகன். பாபநாசமோ தூரத்துப் பங்காளி. முறைப்படி பட்டம் இசக்கிக்குத்தானே! ஆனால் பெரியவர் படுக்கையில் விழுந்ததும் அரண்மனைக்குள் நுழைந்த பாபநாசம் வெளியே வரவேயில்லை. குளிப்பாட்டுவதும் அவன்தான், வேட்டி கட்டிவிடுவதும் அவன்தான்.

"தூக்கி வளர்த்தது என்னையத்தானட்டி! இவன் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிட்டான். எல்லாம் நடிப்பு!"

"நீங்களும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாம்லா?"

"அவன் இருக்க வாசலை நான் மிதிக்கவா? சும்மா கெடட்டி!"

பாபநாசம் போன் போடாமல் இல்லை. "அண்ணே, ஒருக்கா வந்துட்டுப் போங்க. பெரியப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காவ" என்பான்.

"எதுக்குலே? விட்டுக்கொடுத்தேன்னு கையெழுத்து வாங்கவா? உன் கள்ளத்தனம் எனக்குத் தெரியாதா? வையிலே போனை!"

பிறகு அவன் அழைத்தால் எடுப்பதையே விட்டுவிட்டான்.

பாளையங்கோட்டையில் தன் உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு, செங்கரையிலிருந்து வருகிறவர்களிடம் விசாரிப்பதோடு சரி.

"பாபநாசம் ஒருத்தரையும் பெரியவர் பக்கத்துல விடுதது இல்ல, அண்ணாச்சி. அவரும் இவன் கையால தந்தாத்தான் சாப்பிடுதாவளாம்."

இதைக் கேட்டால் எவனுக்குத் தூக்கம் வரும்?

ஆடி அமாவாசை வந்தது. செங்கரை வழக்கம் ஒன்று உண்டு. பத்திரம், பதிவு எல்லாம் அப்புறம்தான். முதலில் அன்றைக்கு ஜமீன்தார் ராஜ உடையில் அய்யனார் முன்னால் அமர்ந்து, வாரிசின் பெயரைத் தன் வாயாலேயே கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுகிறாரோ அவன் தலையில் தலைப்பாகை ஏறும். அதற்குப் பிறகு மாற்றிப் பேச ஆள் கிடையாது.

இசக்கியப்பன் கோமுவோடு முன்வரிசையில் இடம்பிடித்து நின்றான். பாபநாசம் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். அவர் வாயைத் துடைத்துவிட்டு, பின்னால் தூணோரம் ஒதுங்கிக்கொண்டான்.

"பாருட்டி பவ்யத்தை! எல்லாம் பேசி வச்சாச்சு" என்று பல்லைக் கடித்தான் இசக்கியப்பன்.

பூசாரி தலைப்பாகைத் தட்டோடு குனிந்தார். "மகாராசா, பேரைச் சொல்லணும்."

பெரியவர் மலங்க மலங்க விழித்தார். இப்படியும் அப்படியுமாக எதையோ தேடினார்.

"இசக்கி!" என்றார்.

கோமு குலவையே போட்டுவிட்டாள். இசக்கியப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தூணோரம் நின்றவனைப் பார்த்து நக்கலாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஓடிப்போய்ப் பெரியப்பா முன்னால் தலையைக் குனிந்தான். பூசாரி தலைப்பாகையை வைத்தார்.

பெரியவர் அவனை உற்றுப் பார்த்தார்.

"நீரு யாருவே?"

"பெரியப்பா... நான்தான், இசக்கி!"

"தள்ளி நில்லும்வே!" அவர் கை அவனைத் தாண்டித் துழாவியது. "ஏலே இசக்கி, எங்கலே போன? தண்ணி தாலே!"

"இந்தா வந்துட்டேன் பெரியப்பா!"

தூணோரத்திலிருந்து சொம்போடு ஓடிவந்தான் பாபநாசம். அவனைப் பார்த்ததும்தான் பெரியவர் முகம் தெளிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்.

இசக்கியப்பன் தள்ளி நின்றான். கூச்சத்தோடு தலைப்பாகையைக் கழற்றப் போனான்.

பாபநாசம் அவன் கையைத் தடுத்தான். குரல் வெளியே கேட்காதபடி பையச் சொன்னான்:

"கழத்தாதீங்க அண்ணே, அது உங்களுக்குத்தான். அவுகளுக்கு எல்லாம் மறந்துபோச்சு, உங்க பேரு ஒண்ணுதான் ஞாபகத்துல நிக்கி. ஊருக்குத் தெரிஞ்சா அவுக மரியாதை போயிரும்னு யாரையும் உள்ள விடலை. நீங்க வரலைன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாவ. அதான், உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுதப்பல்லாம் நான் 'வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."