தாப்பா வரை போன ஜெபம்

நீண்ட ஜெபம் ஆழ்ந்த பக்தியின் அடையாளம் என்று பலரும் நம்பி வருகிறார்கள். இந்தத் தவறான கருத்தை ஆதாரத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஈப்போ சபையிலிருந்து வரும் உபதேசியார் ஐயாத்துரை, தினமும் மத்தியானம் தோட்டத்து ஜனங்களுக்கு மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார். அதற்கு முன் ஒரு ஜெபம்.

அது ஈப்போவில் தொடங்கி, ஊர் ஊராக ஆசீர்வதித்துக்கொண்டு தைப்பிங்குக்குப் போகும். அங்குள்ள மழையை ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பும். அதுவரை எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். கஞ்சிப் பானை அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

"கஞ்சி ஆறுது. இவரு இன்னும் தைப்பிங்லயே நிக்கிறாரே!" என்றான் பிச்சைமுத்து. வேறு தோட்டத்திலிருந்து முந்தின நாள்தான் வந்தவன்.

"பேசாம கண்ண மூடு லா," என்றாள் பக்கத்தில் நின்ற காளியம்மா.

பின்னால் அகப்பைச் சத்தம். திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தூக்குச்சட்டியில் கஞ்சி மொண்டுகொண்டிருந்தார்.

"அக்கா! கஞ்சித் திருடன்!"

காளியம்மா அவன் காலை மிதித்தாள். உபதேசியார் கண்ணைத் திறக்காமலே குரலை உயர்த்தித் தாப்பாவை ஆசீர்வதித்தார். பலனில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் பாதிச் சட்டியோடு போய்விட்டார்.

"கெடுத்தியே பாவி!" என்றாள் காளியம்மா. "அவர் நம்ம கிராணி ஸ்கந்தராஜா, தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதினவரு. வெள்ளக்காரத் துரை ஓடிட்டாரு, ஆபீசு மூடிட்டாங்க. சம்சாரம் காய்ச்சல்ல கெடக்கு. நம்மள அதட்டி வேல வாங்கின மனுசன், நம்ம வரிசையில நிக்க வெக்கம். அவர் எடுத்துட்டுப் போறதுக்குத்தான் இம்புட்டு நீள ஜெபம். இனி வரமாட்டாரு. அந்தம்மா பட்டினிதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது? ஒரு மாசமா நாங்க அறுபது பேரும் பாக்காமத்தான் இருக்கோம்."

பிச்சைமுத்து சுற்றிலும் பார்த்தான். அறுபது பேரும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள்.

சாயங்காலம் அவன் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"கிராணி ஐயா, கஞ்சி வரிசையில ஒரே தள்ளுமுள்ளு. பேர் கூப்பிட ஒரு ஆள் வேணும். கூலி கஞ்சிதான், ரெண்டு பேருக்கு."

அந்த வரிசையில் அதுவரை தள்ளுமுள்ளு எதுவும் நடந்ததில்லை.

ஸ்கந்தராஜா வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு வரவேணும்?"

மறுநாள் அவர் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் பிச்சைமுத்து அவர் பேரைக் கூப்பிட்டான்.

அன்றைய ஜெபம் ஈப்போவைத் தாண்டவில்லை. கஞ்சி குடித்ததில் நான்கு பேருக்கு நாக்கு சுட்டுவிட்டது.