திண்டிவனத்துச் சீனம்

"ஆ, ஊன்னு இழுத்துக்கினு நிக்காதடா. திக்கினா ஒனக்குச் சீனம் வராதுன்னு நெனைச்சுக்குவாங்க" என்று விழுப்புரத்தில் பஸ் ஏற்றும்போதே அரங்கநாதன் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் அந்த இளைஞன் விருத்தாசலத்தின் தாய்மாமன். மலாயாவில், பினாங்குத் தீவில் ஒரு சீன முதலாளியின் மளிகைக் கடையில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே கற்ற சீனத்தைத்தான் மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வேலை கிடைத்தால் அவர் மகள் கிருஷ்ணவேணியைக் கட்டிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறலாம்.

வேலை பினாங்குத் துறைமுகத்தில், ஒரு கப்பல் கம்பெனிக்கு. சீன வியாபாரிகள் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். 1957-ல் தென்னாற்காடு ஜில்லாவில் இதற்குப் பரீட்சை வைக்க யார் இருக்கிறார்கள்? கம்பெனி ஏஜெண்ட் கிருஷ்ணசாமி யோசித்துப் பார்த்து, திண்டிவனத்தில் 'சீனா பல் டாக்டர்' என்று போர்டு மாட்டியிருந்த லிம்மிடம் அவனை அழைத்துப் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் லிம்முக்கு ஏனோ வேர்த்தது. பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்து விருத்தாசலம் பேச ஆரம்பித்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அவரும் பேசினார். விருத்தாசலம் அதை இங்கிலீஷில் சொன்னான். சொன்னான் என்றா சொல்வது? ஒரு வார்த்தை, ஒரு 'ஆ', அரை வார்த்தை, மறுபடியும் 'ஆ'. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பல்வலிக்காரன்கூட அத்தனை 'ஆ' போட்டிருக்க மாட்டான்.

கிருஷ்ணசாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "சரளமே இல்லையே. இவனுக்கு நெஜமாவே சீனம் தெரியுமா?" என்று லிம்மைக் கேட்டார்.

விருத்தாசலம், கிருஷ்ணவேணி கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தான்.

லிம் இடுக்கியைத் துடைத்தபடி, "சீனத்தை நிறுத்தி நிதானமாத்தான் பேசணும் சார். கடகடன்னு பேசிக்கினு போறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. தம்பி பேசறது அசல் சீனம்" என்றார்.

கிருஷ்ணசாமி கைகொடுத்தார். அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறத் தயாராக இருக்கும்படி சொல்லிவிட்டு, டிரைவரைத் தேடி வெளியே போனார்.

விருத்தாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. லிம்மின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "ஒங்கள மறக்கவே மாட்டேங்க. மொதல்ல எங்க மாமாகிட்ட போய்ச் சொல்றேன்."

"சொல்லு. அவரு கத்துக்குடுத்தது சீனம் இல்ல, மலாய்னும் சேத்துச் சொல்லு."

அவனுக்கு நாற்காலியே சுற்றியது. "அப்புறம் ஏங்க அசல் சீனம்னு சொன்னீங்க?"

லிம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் பொறந்ததே பினாங்குலதான் தம்பி. எங்க வூட்ல எல்லாரும் பேசறது மலாய்தான், எனக்குச் சீனத்துல ஒரு வார்த்தை தெரியாது. அது வெளியில தெரிஞ்சா, அந்த போர்டை நம்பி எவன் என்கிட்ட வந்து வாயைத் தொறப்பான்?"