மாலையை மட்டும் எடு

லாஸ்பேட்டை ஸ்டுடியோவில் கமலக்கண்ணன் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். திரையில் நாற்காலி, அதில் கழுத்து நிறைய ரோஜா மாலையோடு ஒரு பெரியவர். கமலக்கண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார் பெரியவரின் மனைவி அனைஸ்.

"மாலையை மட்டும் எடுத்துடு தம்பி. பாக்கவே சகிக்கல."

அவனுக்கு மனசு இளகிவிட்டது. மாலையைச் சுற்றி வட்டம் போட்டு, ஏஐயிடம் 'நீக்கு' என்றான். மாலை போய், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வந்தது.

"டாக்டரா மதாம்?"

"கரண்ட் ஆபீசுப்பா."

மறுபடி அழுத்தினான். மலைப்பாம்பு வந்தது. இன்னொரு தடவை அழுத்தியதும், மாலையைப் பத்திரமாக விட்டுவிட்டு ஆளையே தூக்கிவிட்டது. காலி நாற்காலியில் மாலை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"சனியனே!" என்று மவுசைத் தட்டியவன், நாக்கைக் கடித்துக்கொண்டான். "மாலையோடவே இருக்கட்டுமே மதாம். எப்படியும் சுவத்துல மாட்டி மாலை போடத்தானே போறீங்க?"

வாசலில் ஹார்ன் அலறியது.

"அனைஸ்! முடிஞ்சுதா இல்லியா?"

ஸ்கூட்டரில், திரையிலிருந்து காணாமல் போனவரே உட்கார்ந்திருந்தார். கமலக்கண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"ரிட்டையர்மென்ட்டுக்குப் போட்ட மாலைப்பா அது. குடும்ப குரூப்புல போட்டாரு. பாரிஸ்ல இருக்கற இவரோட அண்ணன், ஒரு வார்த்தை கேக்காம மாதா கோயில்ல இரங்கல் பூசைக்கே சொல்லிட்டாரு."

"வீடியோ கால்ல மூஞ்சியக் காட்ட வேண்டியதுதானே மதாம்?"

"காட்டுனாரே! 'செத்தவன ஏஐல பேச வச்சு ஏமாத்துறியா'ன்னு என்னைத் திட்டிட்டு வச்சிட்டாரு. அதே போட்டோவோட மாலை இல்லாத ஒரிஜினல அனுப்புனாத்தான் நம்புவாராம்."