மாளிகையை விட்டு இறங்கியவள்

“கதவு திறந்துதானே கிடக்கு! அப்புறம் ஏம்மா உங்க கதாநாயகி அழுதுகிட்டே உட்கார்ந்திருக்கா? எழும்பிப் போகச் சொல்லுங்க!” மகள் நிலானி கத்தினாள்.

“போயிட்டா கதை முடிஞ்சிரும்டி! பொம்பளைன்னா பொறுத்துத்தான் போகணும்!” என்று தேவகியும் கத்தினாள். பேய் மாளிகை, முரட்டுக் கணவன், வாய் திறக்காத மனைவி என்று வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவள் அவள்தான்.

மஹய்யாவை ஊரில் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி பாக்கியம் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். அப்பா பார்த்த மாப்பிள்ளை நிலானிக்குப் பிடிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். அந்த அப்பாவோ கை நீட்டுகிற மனுஷன். பிள்ளை ஓடத்தான் போகிறது!

அடுத்த இதழில் கதாநாயகி பெட்டியோடு மாளிகையை விட்டு இறங்கியிருந்தாள். கீழே ‘முற்றும்’ வேறு. பாக்கியம் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

கதவைத் திறந்தது நிலானி.

“நீ போகலையாடி?”

“நான் ஏன்க்கா போகணும்? மாப்பிள்ளை வேணாம்னு அப்பா முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். அம்மாதான் விடியக்காலையில பதுளை பஸ் ஏறிட்டாங்க. அடி வாங்குனது எப்பவும் அவங்கதானே?”

“ஐயோ! அப்பாவுக்குத் தெரியுமா?”

“பத்திரிகையிலயே போட்டாச்சு. அவருதான் அம்மா எழுதுனதை ஒருநாளும் வாசிச்சதில்லையே!”

பிறகு நிலானி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். தேவகி பதுளையிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய புதுத் தொடரில் மாளிகைக்குள் உட்கார்ந்து அழுவது கதாநாயகன்தான். பாக்கியம் ஒரு வாரம்கூட விடுவதில்லை.