கடையத்துக் கம்பெனி

தென்காசியில் தன் தகப்பனார் பெயரில் பரமேஸ்வரன் நடத்தும் ஆஸ்பத்திரியில் போன வாரம் கம்ப்யூட்டர் சர்வர் படுத்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட் எடுக்க முடியாமல் நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அப்படியொரு தலைகுனிவு இனி வரக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

"புது சர்வருக்குக் கடையத்துக் கம்பெனிலதான் விலை கம்மி, அண்ணாச்சி," என்றாள் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கும் நிவேதா. "ஆனா ஒரே ஆள் நடத்துற சின்னக் கம்பெனி. நம்பி வாங்கலாமா?"

"வாங்கலாம். அவன்கிட்ட வாங்குனவங்க எல்லார்ட்டயும் விசாரிச்சிட்டேன். சாரல் சீசன்ல குத்தாலத்துல குளிச்சிட்டு இருந்தவன், ஒரு போனுக்கு ஈரத் தலையோட போய்ச் சரிபண்ணிக் குடுத்திருக்கான். பெரிய கம்பெனிக்காரன் போனையே எடுக்க மாட்டேங்கான்."

"அப்ப நாளைக்கு உங்களை வந்து பாக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். என் ரூம் பக்கமே வரக்கூடாது. பின்வாசல் வழியா வந்து, சர்வரை மாட்டிட்டு, அப்படியே போயிரணும்."

நிவேதாவுக்குச் சங்கடமாக இருந்தது. "பின்வாசல்னா அவரு வருத்தப்பட மாட்டாரா, அண்ணாச்சி?"

பரமேஸ்வரன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"என் மகளைக் கூட்டிட்டு ஓடுனப்ப எங்க வீட்டுப் பின்வாசல் வழியாத்தான் போனான். அன்னைக்கு வருத்தப்பட்டானா?"