கெங்கோவின் பெயரில் ஒரு பை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. ஹமனோ ஊரில் ஒரு குப்பைப் பையால் வந்த சண்டையைச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க, குராமோச்சியம்மா. இது மூணாவது தடவை."

வாசலில் நின்ற நெமோட்டோ அம்மாளுக்கு அந்த மாதம், தெருவார் குப்பைப் பைகளை வைக்கும் மேடையின் பொறுப்பு. அவள் கையில் எரிக்கிற குப்பைக்கான மஞ்சள் பை ஒன்று இருந்தது. குப்பையைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று வண்டிக்காரர்கள் ஏற்றாமல் சிவப்புச் சீட்டு ஒட்டி விட்டுப்போன பை. அந்த ஊரில் பையின் மேல் பெயர் எழுதித்தான் குப்பை வைக்க வேண்டும். இதில் எழுதியிருந்தது அந்த வீட்டு இசோகோவின் புருஷன் பெயர், குராமோச்சி கெங்கோ.

இசோகோவுக்குச் சுருக்கென்றது. "இது எங்க வீட்டுப் பை இல்ல."

"பேரு இருக்கே."

"பேரு இருந்தா ஆச்சா? இது அவர் எழுத்தே இல்ல. உள்ள பாருங்க, கழுவாத மீன் தட்டு, மூடி கழட்டாத பாட்டில். எரிக்கிற குப்பையில இதைப் போடுற ஆளா அவர்? பாட்டில்ல ஒட்டின காகிதத்தைக்கூட நகத்தால சுரண்டி எடுத்துட்டுத்தான் போடுவார்."

நெமோட்டோ அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "தட்டை விடுங்க. கிழிஞ்ச காலுறை ஒண்ணு தெரியுது பாருங்க, பொம்பளைங்க போடுறது. உதட்டுச்சாயம் வேற. இந்த நிறமா நீங்க பூசுறீங்க? நான் ஒண்ணும் சொல்லல. அவரை நாங்க யாரும் பார்த்ததே இல்ல. விடியுமுன்ன போறார், இருட்டினப்புறம் வர்றார்னு நீங்கதான் சொல்றீங்க. எங்க போறாரோ என்னவோ."

"வாயை அளந்து பேசுங்க."

"என்கிட்ட ஏன் கோபப்படுறீங்க? ஞாயித்துக்கிழமை மேடை கழுவ அவரே நேர்ல வரணும்னு தெருச் சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. எல்லார் முன்னாடியும் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது."

இசோகோ கதவைப் படாரென்று சாத்தினாள். உள்ளறைக்குப் போனாள். சுடச்சுடச் சோறும் தேநீரும் கெங்கோவின் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"கேட்டுச்சா? உங்க பேரு சந்தி சிரிக்குது. எவளோட காலுறையோ உங்க பேர்ல போகுது. நீங்க பாட்டுக்கு உட்கார்ந்து சிரிச்சுட்டிருங்க."

சண்டை என்றால் அவருக்கு எப்போதும் அதே முகம்தான். சோறு ஆறியது.

வெள்ளிக்கிழமை காலை இசோகோ துடைப்பத்தோடு குப்பை மேடைக்கு எதிரே போய் நின்றாள். ஒரு பெண் வேகமாக வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காக்கை கிளறாமல் இருக்கப் போட்டிருந்த வலையைத் தூக்கிப் பையை உள்ளே தள்ளினாள். அதன் மேல் எழுதியிருந்த பெயர்: குராமோச்சி கெங்கோ.

இசோகோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "யாருடி நீ? என் புருஷன் பேரை எழுத உனக்கு யார் சொன்னா?"

அந்தப் பெண் இடுப்பு வரை குனிந்தாள். "மன்னிச்சுடுங்கம்மா. என் பேரு மிஹாரு. உங்க வீட்டுக்குப் பின்பக்க மாடியில தனியா இருக்கேன்."

"அவரை உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா. உங்க வாசல் பலகையில பேரைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"குப்பை பிரிக்கத் தெரியாது, பேரு திருட மட்டும் தெரியுமாக்கும்."

"எங்க ஊர்ல தட்டு, பாட்டில் மூடி எல்லாம் எரிக்கிற பையிலதான் போடுவோம். அது தெரியாமப் பண்ணினது. பேரு தெரிஞ்சேதான் எழுதினேன். வந்த புதுசுல என் பேரைத்தான் எழுதினேன். எவனோ பையைப் பிரிச்சுப் பார்த்திருக்கான். ஒருத்தி தனியா இருக்கான்னு தெரிஞ்சு போச்சு. நான் தூக்கிப் போட்ட காலுறை மறுநாள் என் கதவுப் பிடியில கட்டியிருந்துச்சு. போலீசுக்குப் போனா, ஆம்பளை இருக்கிற மாதிரி காட்டிக்கோம்மான்னு அனுப்பிட்டாங்க. உங்க வாசல்ல பெரிய பூட்ஸ், கொடியில ஆம்பளைச் சட்டை. இந்தத் தெருவுல பயமில்லாத வீடு இதுதான்னு தோணுச்சு. அவர் பேரை எழுதினப்புறம் எவனும் என் பையைத் தொடல."

இசோகோவின் பிடி தளர்ந்தது. கோபம் தளரவில்லை.

"பொறுக்கி நாய்."

"அம்மா?"

"உன்னை இல்லடி, அந்தக் காலுறையைக் கட்டினவனை." பையை வலைக்குள்ளிருந்து இழுத்து எடுத்தாள். "வா. எங்க வீட்டுக் குழாயில கழுவிப் பிரிக்கலாம். அவர் பேர்ல கழுவாத தட்டு போகக் கூடாது."

"இனிமே எழுத மாட்டேம்மா."

"எழுது. ஆனா ஆம்பளை எழுதின மாதிரி பெரிசா, கோணலா எழுது. ஞாயித்துக்கிழமை மேடை கழுவ என்கூட வந்துடு. என் அண்ணன் பொண்ணு, அவதான் தெரியாம வெச்சுட்டான்னு சொல்லிக்கறேன்."

இசோகோவின் வாசலில் அந்தப் பெரிய ரப்பர் பூட்ஸைப் பார்த்ததும் மிஹாரு தயங்கி நின்றாள். "அவர் உள்ள இருக்காரா? கோவிச்சுக்க மாட்டாரா?"

இசோகோ குனிந்து அந்த பூட்ஸை எடுத்து, தூசியைத் தட்டி, அவள் கையில் கொடுத்தாள்.

"உன் கதவு வெளியில வை. என்கிட்ட இன்னொரு ஜோடி இருக்கு. அவர் காலமாகி ஏழு வருஷமாகுது. உள்ளறையில சிரிச்சுட்டிருக்கிறது அவர் படம்தான். இந்தத் தெருவுக்கு நான் அவர் படத்தையும் பேர்ப்பலகையையும் சட்டையையும் பூட்ஸையும் மட்டும்தான் கூட்டிட்டு வந்தேன்."

உங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் பெயரையே வாசலில் எழுதி வைத்து, அச்சமில்லாமல் தூங்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.